பதினோராம் பக்கம்

அவள் பென்சிலைச் சீவினாள்.

ஒரு ஃபைலுக்குப் பதினான்கு பக்கம். பக்கத்துக்கு ஓர் இன்டு மார்க்.

அட்மிஷன் கவுன்டரில் அவளுக்கு இதுதான் வேலை. மார்க் போட்ட இடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். மார்க்கைத் தேடுகிற கண் எழுத்தைப் பார்க்காது. நாலே நிமிடம், ஒரு பிள்ளை கல்லூரிக்குள் வந்துவிடும்.

இந்த வருடம் பதினோராம் பக்கம் புதிது.

அரசாங்கத்தின் புது ரூல். அந்தக் கோர்ஸில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம், தலைக்கு எவ்வளவு கடனோடு வெளியே போனார்கள். எல்லாவற்றையும் சேரும் முன்பே காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

மேனேஜர் கோதண்டம் அதை எறும்பு சைஸில் அடிக்கச் சொன்னார். ராகிங் உறுதிமொழிக்கும் ஹாஸ்டல் சாப்பாட்டு விதிக்கும் நடுவில் செருகினார். எழுத்து எறும்பு. இன்டு மார்க் மட்டும் யானை. கண்ணாடி இல்லாதவருக்கும் தெரிய வேண்டுமாம்.

"காட்டணும்னுதாம்மா ரூலு. படிச்சுக் காட்டணும்னு எங்கயும் போடல. கேசரி சூடா இருக்கறப்பவே கையெழுத்த வாங்கிரு."

சொல்லிவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யை, மேசையில் விரிந்திருந்த இருபத்தாறாம் ஃபைலின் அதே பக்கத்தில் துடைத்தார்.

அவள் ஃபைலை மூடினாள்.

பழக்கம்தான்.

இதே கல்லூரி. இதே கோர்ஸ். நான்கு வருடம் படித்து முடித்ததும் இந்த நாற்காலி. சம்பளம் பதினோராயிரம். அதில் ஏழாயிரத்து நானூறை முதல் தேதியே பேங்க் எடுத்துக்கொள்ளும். ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் கோதண்டத்தின் பீரோவில். இரண்டு வருடம் இங்கேயே கிடந்தால்தான் கைக்கு வரும். நடுவில் துரத்திவிட்டால் வராது.

இன்னும் ஐந்து மாதம். பல்லைக் கடித்தால் போதும்.

"டோக்கன் இருபத்தாறு!"

காக்கிச் சட்டைக்காரர் வந்து உட்கார்ந்தார். முட்டை லாரி டிரைவர். பக்கத்தில் மகள், செவ்வந்தி. கையில் மார்க் ஷீட், பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர்.

"கண்ணாடிய லாரியிலயே வச்சுட்டு வந்துட்டேன் கண்ணு. எங்கெங்க போடோணும்னு நீயே சொல்லிப்போடு."

அவளை இங்கே சேர்த்த அன்றைக்கு அவளுடைய அப்பாவும் இப்படித்தான் ஏதோ சொன்னார்.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"பேங்க்ல வீட்டுப் பத்திரத்தக் கேக்கறாங்க. குடுத்துரலாமுல்ல? புள்ளைக்கு வேல கெடச்சுருமுல்ல?"

பின்னாலிருந்து கோதண்டம் சிரித்தார்.

"வேலைக்கென்னங்க பஞ்சம்? தலைக்கு மேல பாருங்க. ஒம்பது கலெக்டருங்க!"

சுவரில் ஃபிளெக்ஸ். 'நமது சாதனையாளர்கள்.' ஒன்பது கோட்டு. ஒன்பது டை. ஒன்பது சிரிப்பு.

அவள் இருபத்தாறாம் ஃபைலை மேசைக்கு அடியில் விரித்தாள். பதினோராம் பக்கம். ரப்பரை எடுத்தாள்.

இரண்டே தேய்ப்பு. இன்டு மார்க் காணாமல் போனது.

தூளை ஊதிவிட்டு ஃபைலை நகர்த்தினாள். கேசரித் தட்டு வந்து இறங்கியது.

அவர் கையெழுத்துப் போட்டார். ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது. ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு கூடவே அசைந்தது.

பத்து.

பேனா அந்தரத்தில் நின்றது.

"இதுல மட்டும் மார்க்கக் காணமே கண்ணு?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டும்மா."

செவ்வந்தி குனிந்தாள். நெய்க்கறைக்குள் கிடந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"படித்து முடித்தவர்கள், ஐம்பத்தெட்டு. வேலை பெற்றவர்கள், ஒன்பது. மாதச் சம்பளம், பதினோராயிரம். கடன்..."

நிறுத்தினாள்.

"சொல்லு சாமி."

"ஆளுக்கு ஆறு லட்சத்து இருபதாயிரம்ப்பா."

அவர் தாளை முகத்துக்கு அருகே தூக்கிப் பார்த்தார்.

"அந்த ஒம்பது பேரு எங்க வேல பாக்கறாங்களாம்?"

அது பக்கத்தில் இல்லை. செவ்வந்தி நிமிர்ந்து ஃபிளெக்ஸைப் பார்த்தாள்.

முதல் கோட்டின் பாக்கெட்டில் ஓர் இங்க் கறை. இரண்டாவதிலும் அதே கறை. மூன்றாவதிலும். ஒன்பதிலும்.

ஒரே கோட்டு.

முகங்களைப் பார்த்தாள். இரண்டாவது முகம், வாசலில் டோக்கன் கூவிக்கொண்டிருந்தது. ஏழாவது முகம், கேசரித் தட்டை இப்போதுதான் வைத்துவிட்டுப் போனது.

நான்காவது முகத்தில் நெடுநேரம் நின்றாள். பிறகு அவள் கண் மெல்ல இறங்கி, கவுன்டருக்கு வந்தது.



செவ்வந்தி அப்பாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள். மார்க் ஷீட்டை ஒரு கவருக்குள் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் போட்டாள்.

கேசரியை யாரும் தொடவில்லை.

"யேய், என்னம்மா அங்க? எதுக்கு எந்திரிச்சுப் போறாங்க?"

கோதண்டத்தின் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"டோக்கன் இருபத்தேழு!"

அவள் அடுத்த ஃபைலை இழுத்தாள். பதினோராம் பக்கத்தைப் பிரித்தாள்.

பீரோ சாவிக்கொத்தின் சத்தம் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் ரப்பரைக் கீழே வைக்கவில்லை.