பால் சேராத குக்கீ

டங்! ஒரு நொடி அமைதி. மறுபடி டங்!

இருபது வருஷத்துக்கு முந்திய சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்கும். தகரம் கல்லில் மோதுகிற சத்தம்.

பக்கத்து வீடு பால்காரருடையது. தெருமுனையில் அவருக்குப் பால்கடை. 'மனுஷன் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறார்' என்று நான் முடிவு கட்டியிருந்தேன். காரணம் இருந்தது.

அவருடைய ஒரே மகள் கல்லூரிக்குப் போனதும் பால், தயிர், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் விட்டாள். அதோடு நிற்கவில்லை. கடையில் ஆள் நிறைந்திருந்த நேரத்தில், "கன்னுக்குட்டி வாயிலேருந்து பிடுங்கி விக்கிறீங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

"அந்தப் பாலைக் குடிச்சு வளர்ந்த வாய்தானே இது" என்றார். அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் மகளோடு பேச்சே இல்லை. அவளும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் ஹாஸ்டலுக்கு மாதம் தவறாமல் ஒரு டப்பா போகும். பாலும் முட்டையும் சேராத சாக்லேட் சிப் குக்கீ. அம்மாவின் கைப்பக்குவம் என்று ஹாஸ்டலே கொண்டாடுமாம்.

"பாவம் அவர் சம்சாரம். பொண்ணுக்கு ஆசையா எதையாவது சுட்டா, இவர் சாமானை உடைக்கிறார்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அந்த மகள் பெட்டியோடு என் வாசலில் நின்றாள்.

"அத்தை, வேலை கிடைச்சிருக்கு. ரொம்ப தூரம், நாளைக்கே கிளம்பணும். அப்பா ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும், நிம்மதியாப் போயிடுவேன். கூட வாங்களேன், பயமா இருக்கு."

டங்!

"இப்ப வேண்டாம்டி கண்ணு. உங்கப்பா கோபத்துல இருக்கார். கேக்குது பார்."

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, அம்மா!" என்று என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சமையலறையில் அவள் அம்மா நாற்காலியில் சாய்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். மேடைப் பக்கம் பால்காரர். மூக்கில் மாவு. இடுப்பில் மனைவியின் துண்டு. சூடான தட்டைத் துணி சேர்த்து இரண்டு கையாலும் தூக்கி, மேடைக்கல்லில் ஓங்கி அறைந்தவர், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பாதி வெந்ததும் இப்படித் தட்டணும்" என்றார் என்னிடம், மகளைப் பார்க்காமல். "உப்பின நடு அமுங்கும். ஓரம் மொறுமொறுன்னு வரும்."

நான் தெருவில் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

"அம்மா, அப்போ நீ...?"

"எனக்கு அந்த ஓவன் பக்கம் போகவே பயம்" என்றாள் அம்மா, பக்கத்தைப் புரட்டியபடி. "டப்பா மேல விலாசம் மட்டும் என் எழுத்து. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு. முட்டைக்குப் பதிலா ஆளிவிதைப் பொடி, வெண்ணெய்க்குப் பதிலா தேங்காய் எண்ணெய், எல்லாம் இவர் பாடுதான். போன மாசம் சாக்லேட் பாக்கெட்டுல கடைசி வரியில 'பால் பொடி'ன்னு போட்டிருந்தது. பால் கலந்திருக்குன்னு சண்டைக்குப் போன பால்காரர் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான்!"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பால்காரர் தட்டை ஓவனுக்குள் தள்ளி மூடினார்.

"பஸ்ஸுல வந்த கை. கழுவிட்டு வா. சூடாச் சாப்பிடலாம்."

ஒன்றரை வருஷத்தில் முதல் வார்த்தை.

கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் குக்கீயில் பாதி போனதும் நிறுத்தினாள்.

"என்ன, உப்பு கம்மியா?"

"இல்லப்பா. திட்டாதீங்க. என்னால முடியலை. ஆறு மாசமா நான் பால் டீதான் குடிக்கிறேன்."

அம்மாவின் மடியிலிருந்து பத்திரிகை நழுவி விழுந்தது.

"அடிப்பாவி! ஏண்டி சொல்லலை?"

"சொன்னா டப்பா நின்னுடுமே!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. "அப்போ இதை டீயில தொட்டுத்தான் தின்னியா?"

"அப்படித்தான்பா நல்லா இருக்கு."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. மகள் அவர் தலையில் தட்டினாள்.

"சரி, இனிமே நிறுத்திடவா?"

"ஐயையோ! ரெண்டு டப்பாவா அனுப்புங்கப்பா."

அம்மா எழுந்து டீ போட்டாள். நான்கு டம்ளரில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது.

"இதுல பால் விட மறந்துட்டியே" என்றேன்.

"அது அவருக்கு, அக்கா. இதைச் சுட ஆரம்பிச்ச அன்னைக்கே பாலை விட்டுட்டார். நாக்குல பால் ருசி இருந்தா, அவளுக்குச் சரியா வந்திருக்கான்னு தெரியாதாம்."

மகள் மறுநாள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். பால்காரர் அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். கடைசி வாரம் வரை தெருவுக்கெல்லாம் அவர்தான் பால் ஊற்றினார். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.