படை எப்போது கிளம்பும்?

உள்நாட்டுச் சண்டை நடக்கும் நாட்டிலிருந்து வெளிநாட்டுப் படை விலகலாமா என்று டிவியில் விவாதம்.

"கூடாது பாவா," என்று மச்சான் ராஜகோபாலுக்கு விளக்கினான் கௌதமன். இரண்டு டம்ளருக்கு நடுவே சட்னிக் கிண்ணத்தை வைத்தான். "இதான் படை. எடுத்தா ரெண்டும் இடிச்சிக்கும்."

அக்கா தேவிப்பிரியா கிண்ணத்தை எடுத்தாள். "எங்கடா இடிச்சிது? அவங்களே பேசித் தீத்துக்கட்டும்."

"ஆங், சரியாச் சொன்ன!" என்றார் ராஜகோபால்.

கணவனும் மனைவியும் ஒத்துப்போனது மூன்று வாரத்தில் இதுவே முதல்முறை. அவர்கள் சண்டையைத் தீர்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த கௌதமன்தான் இன்னும் கிளம்பவில்லை.

அக்கா அவன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். "பத்தரைக்கு பஸ்சு," என்றார் மச்சான்.

கௌதமன் தலையைச் சொறிந்தான். "நீங்களும் கூட வாங்க பாவா. எம் பொண்டாட்டி துரத்திவிட்டதாலதான் நா இங்க வந்தேன்."