சூப்பிரண்டின் பதினெட்டுப் பக்கத் திட்டம்

உலகை ஆண்டவர்கள் வேகமாக ஓடியவர்கள் அல்லர், நெடுநேரம் ஓடியவர்கள்.

இந்த வாக்கியத்தை எழுதியவர், சட்டையில்லாமல், வழித்த நெஞ்சில் பத்து வயரை ஒட்டிக்கொண்டு, ஓடும் பட்டையின் கைப்பிடியைக் குரங்குப்பிடியாகப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அவர் சூப்பிரண்டு. இங்கே, ஆஸ்பத்திரி டிரெட்மில்லில், நான்காம் நம்பர்.

போன வருஷம் இதே பட்டையில் மூன்றாவது நிமிஷமே நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் மூச்சைத் தேற்றிக்கொண்டு வராவிட்டால் நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

சூப்பிரண்டு வீட்டுக்குப் போன கையோடு திட்டம் எழுத உட்கார்ந்தார்.

'நீண்டகாலத் தாக்குப்பிடிப்பு: கோட்பாடுகளும் கட்டங்களும்.' பதினெட்டுப் பக்கம், மூன்று இணைப்புகள். மேற்படி வாக்கியம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி நின்றது. அவசரம் ஆகாது. முதல் மூன்று மாதம் பேசிக்கொண்டே நடக்கிற வேகம்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ஒருநாளும் விடாதே.

அலுவலகத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். கேட்காதவர்களுக்கு இரண்டு.

இப்போது அதே மூன்றாவது நிமிஷம் வந்தது. பட்டை தலையைத் தூக்கி மேடாயிற்று.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி. மடியில் துணிப்பை. உள்ளே துண்டு, பிளாஸ்க், மாற்றுத் துணி. இங்கேயே படுக்கச் சொல்லிவிட்டால்? பையின் காதை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தார்.

ஆறாவது நிமிஷம். மூச்சு இருந்தது.

ஒன்பதாவது நிமிஷம். பட்டை இன்னும் செங்குத்தாயிற்று. பழகிய வழிபோலக் கால்கள் பாட்டுக்கு ஏறின.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இயந்திரம் துப்பிய தாளை இன்னொரு முறை பார்த்தார். கதவைத் திறந்து மனைவியையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னதான் சார் பண்ணீங்க?"

சூப்பிரண்டு முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான். முதல் கோட்பாட்டில் தொடங்கினார். இரண்டாம் இணைப்பின் வாசலில் டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். என்ன செய்தீர்களோ அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

"நிறுத்தவே மாட்டார் டாக்டர். அதுக்கு நான் கேரண்டி" என்றார் மனைவி.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. காலையிலிருந்து கல்லாக இருந்த தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

திட்டப்படி சூப்பிரண்டு நடந்தது மொத்தம் நான்கு நாள்.

அவர்கள் வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் நின்று பதினோரு மாதம் ஆகிறது. முதல் மாதம் மாடிக்கு மாடி உட்கார்ந்துதான் ஏறினார். கீழே இறங்கிய பிறகே சாவி, பேனா, டிபன் டப்பா ஞாபகம் வருகிற மனிதர் என்பதால் தினம் மூன்று முறையாவது ஏறவேண்டி வந்தது.

பழுது பார்க்கிறவர்கள் அன்றிலிருந்து கேட்பது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஒரே ஒரு கையெழுத்து.

செயலாளர் சூப்பிரண்டுதான்.