மாதிரிக் கணக்கு

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைச் செருகியதும் ராகவேந்திரனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குடும்பச் செலவைக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரை விற்பது அவன் வேலை. இந்த மாதம் இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை.

"உங்க செலவையே போட்டுக் காட்டுங்கோ. அப்பத்தான் புரியும்," என்றாள் சாருலதா. வங்கியில் வேலை பார்ப்பவள். போன் செய்து அவனை வரச்சொன்னதும் அவள்தான்.

விற்றால் போதும் என்று அவன் தட்டினான். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகை, மெஸ், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மணியார்டர்.

"சிகரெட்டுக்குத் தனி இடம் உண்டா?"

"உண்டு மேடம். எனக்கு அது பூஜ்யம்."

"சினிமாவுக்கு மட்டும் இருநூறா?"

அவன் முகம் சிவந்தது. "ரூம்ல ஃபேன் ஓடாது மேடம். தியேட்டர்ல ஏ.சி. இருக்கே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மாசக் கடைசியில மிச்சம்?"

திரையில் நூற்றுப்பத்து ரூபாய் என்று வந்தது. "இது பொய் சொல்லாது மேடம்," என்றான் கூச்சத்தோடு.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்போ பில் போடட்டுமா?"

சாருலதா உள்பக்கம் திரும்பினாள். "அப்பா! இவரோட அம்மா அனுப்பிச்ச ஜாதகத்துக்குச் சரின்னு எழுதிடுங்கோ."

ராகவேந்திரன் பதறி எழுந்தான். அம்மா ஜாதகம் அனுப்பியதே அவனுக்குத் தெரியாது.

"மேடம்... சாஃப்ட்வேர்?"

"அதையும் எடுத்துக்கறேன். முதல்ல உங்களுக்குச் சம்மதமான்னு சொல்லுங்கோ."

வாரம் முழுக்க வீடு வீடாகப் பேசியே பிழைத்தவன் பில் புத்தகத்தை மூடி வைத்தான். தலை வேகவேகமாக ஆடியது.