மண்டபம் தாண்டி ஒரு டிக்கெட்

1958-இல் கொழும்பில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டதிலிருந்து, தென்காசி டிக்கெட் ஏஜெண்ட் அருமைநாயகத்திடம் பயணத்தை ரத்து செய்யத்தான் ஆட்கள் வந்தார்கள். கூடப்பிறந்தவர்களை அங்கே சாக விட்டுவிட்டு, இங்கே குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களிடம் அவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

அன்று சாரலில் நனைந்தபடி மாடக்கண்ணு வந்தான்.

"அண்ணாச்சி, கொழும்புக்கு ஒரு டிக்கெட். நாளைக்கே போவணும்."

அவன் அண்ணனுக்கு அங்கே ஜவுளிக்கடை. அருமைநாயகம் நெகிழ்ந்துபோனார்.

"நீதாம்லே தம்பி! திரும்பி வர, அண்ணன், மதினி, புள்ளைகளுக்கும் சேத்துப் போடட்டா?"

"எதுக்கு? அவங்க தப்பிச்சு வந்து மண்டபம் ஸ்டேஷன்ல கெடக்காங்க. கூட்டிட்டுப் போகச் சொல்லி நேத்தே தந்தி வந்துட்டு."

"பொறவு நீ எதுக்குலே அங்க போற?"

"கடை ஆளில்லாமல்லா கெடக்கு! வேற எவனும் புகுறதுக்குள்ள நாம புடிச்சிரணும்."

அருமைநாயகத்துக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கப்பலேற ரயில்ல தனுஷ்கோடி போற வழிதானேலே மண்டபம்? ஒரு எட்டு இறங்கி, அதுகளைப் பாத்துட்டாவது போ."

மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினான்.

"அங்கன வண்டி நிக்கும்லா? அதான் அண்ணாச்சி, எனக்கு ஜன்னலோர சீட்டு வேண்டாம்."