பெயரைச் சொல்லாத மேயர்

"பெயரைச் சொல்லுங்க. அது ஒண்ணு போதும்."

தோகுரா எழுந்து நின்று கத்தியதும், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் அதுவரை இருந்த சலசலப்பு அடங்கிப்போனது.

மேடையில் மேயர் கிரியாமா சுமியே மன்னிப்புக் கேட்டு இடுப்பு வரை குனிந்து நின்றார். பதவியை ராஜினாமா செய்வதாகச் சொல்லிவிட்டுக் குனிந்தவர், இன்னும் நிமிரவில்லை.

"குனிஞ்சது போதும் மேயரம்மா. உங்க முதுகைப் பார்க்கவா இத்தனை பேர் வந்திருக்கோம்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

போன வருடம், புயல் மழையின் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. தினமும் மாலையில் தவறாமல் பாட்டுப் போடும் ஊர் ஒலிபெருக்கிகள் அன்று வாயையே திறக்கவில்லை. எச்சரிக்கைச் சங்கு ஊதியிருந்தால் கோயில் மேட்டுக்கு ஓடியிருக்கலாம். தோகுரா கூரையைப் பிடித்து ஏறிவிட்டார். அவர் மனைவி இகுயோவின் கை அவர் பிடியிலிருந்து நழுவிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்று சங்கு ஊதும் அறையில் இருந்தவன் யார்?

எங்கே யார் கேட்டாலும் மேயரின் பதில் ஒன்றுதான். "பொறுப்பு என்னுடையது."

நகர அலுவலகத்தில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு வந்தவர்தான் சுமியே. கவுன்சிலில் வெகுகாலம் அவர் ஒருவர்தான் பெண். பேச எழுந்தால், "முதல்ல ஒரு புருஷனைத் தேடிக்கோ!" என்று கத்துவார்கள். பிரசார வண்டியில் வெள்ளைக் கையுறையோடு கையசைத்தபடி அவர் போனபோது தோகுரா கதவைச் சாத்திக்கொண்டவர். இகுயோ மட்டும் ஓட்டை அவருக்கே போட்டுவிட்டு வந்தாள். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"யாரைக் காப்பாத்தறீங்க? உங்க சொந்தக்காரப் பையனா?"

"சொந்தக்காரர் யாரும் இல்லை, தோகுரா சான்," என்றார் மேயர், மரியாதை குறையாமல்.

"பின்னே?"

"பெயரை மட்டும் கேட்காதீங்க. தண்டனை எனக்குத்தான். அதை வாங்கிட்டுத்தான் போறேன்."

"புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு உசுரு கையிலிருந்து நழுவினா எப்படி இருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

கூடமே கை தட்டியது. மேயர் மறுபடியும் குனிந்தார்.

யாரோ தோகுராவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினார். மகன் நொபுயா. நகர அலுவலகத்தில் குமாஸ்தா. கூட்டத்துக்கு வருகிறவர்களின் காலணிகளை வாங்கி வைக்க வாசலில் நின்றிருந்தவன், உள்ளே வந்திருந்தான்.

"அப்பா, போதும். வீட்டுக்குப் போங்க."

"போடா. உனக்கு உன் சம்பளம். எனக்கு என் பொண்டாட்டி."

நொபுயா தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கே போய்விட்டான். அம்மா செத்ததிலிருந்து அவன் அப்படித்தான். சோறு பாதி, பேச்சு பாதி. மேயரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. வேலைக்குப் பயந்தவன் என்று தோகுரா அவனை நினைத்து உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. பதவியை விட்டுப் போகிற மேயரை அலுவலகத்துக்காரர்கள் வரிசையில் நின்று பூங்கொத்துக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். இன்று ஒருவரும் நிற்கவில்லை. பூவும் இல்லை. கடைசியாய் மேயர் மட்டும் கைப்பையோடு வாசலுக்கு வந்தார். அவர் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவது என்று தோகுரா காத்திருந்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

நொபுயா ஈரத் தரையில் மண்டியிட்டு, மேயரின் காலணிகளைத் தன் கைக்குட்டையால் துடைத்து, அவர் காலை நுழைக்க வாகாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். வைத்தவன் எழுந்திருக்கவில்லை. நெற்றி தரையைத் தொட்டது. தோள் குலுங்கியது.

தோகுரா பாய்ந்து போய் மகனின் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"மானங்கெட்டவனே! உன் அம்மாவைக் கொன்னவ காலடியிலயா விழறே? அன்னிக்கு நீ ஆத்தங்கரையில மண்மூட்டை அடுக்கிச் செத்துட்டிருந்தே. இவளோட ஆள் எவனோ சங்கு அறையில..."

"நான் கரைக்குப் போகலைப்பா."

"என்னது?"

"உங்ககிட்ட பொய் சொன்னேன். சங்கு அறையில இருந்தது நான்தான். ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. உக்காந்தபடியே கண் அசந்துட்டேன். முழிச்சப்போ தண்ணி வந்திடுச்சு."

காலரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"சொல்லிடறேன், சொல்லிடறேன்னு எத்தனை தடவை இவங்ககிட்ட போய் அழுதேன் தெரியுமா? இவங்கதான் வாயைத் திறக்கவே விடலை."

தோகுரா மேயரைப் பார்த்தார்.

"ஏன்? நான் உங்களை அத்தனை பேசியும்... ஏன் சொல்லலை?"

மேயர் காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டார். குடையை விரித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்த ஒரு வருஷமா நீங்க யாரோட உக்காந்து சாப்பிட்டிருப்பீங்க, தோகுரா சான்?"