பக்கம் திரும்பும்போது

இரண்டாவது பீரியட் மணி அடித்ததும் தலைமையாசிரியை ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

ஃபைலில் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் பத்து நிமிடம் நிற்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே ஆங்கில வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. குடை வாங்கப் போகும் ஒரு வாத்தின் கதையை முப்பத்துநான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் படித்தார்கள்.

வாத்து எக்கேடு கெட்டால் அவருக்கென்ன? அவர் காத்திருந்தது பக்கம் முடியும் இடத்துக்காக.

மூன்று மாதம் முன்புவரை இந்த வகுப்பை எடுத்த பழைய மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் அழகாகப் படித்துக்கொண்டே வருவார். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் "ஆங்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார். சுத்தமான வீட்டுத் தமிழ் ஆங். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கே தெரியாதது போல இருக்கும்.

மிஸ் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லித்தான் பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள். ஒன்றையும் விடவில்லை, அந்த ஆங் உட்பட. அதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். எந்த ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினாலும், பக்கத்துக்கு ஒரு தரம் முப்பத்துநான்கு வாயும் சேர்ந்து இழுக்கும்.

வகுப்பைப் பார்வையிட வந்த தலைமையாசிரியைக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததும் இல்லை. பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்: 'ஆசிரியையின் தேவையற்ற ஒலியை மாணவர்கள் பின்பற்றுகின்றனர். உடனே திருத்தப்பட வேண்டும்.'

எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தும் காட்டினார்.

மறுநாள் காலை மேசையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. அதிலும் 'மதிப்பிற்குரிய மேடம்' என்றுதான் தொடங்கியிருந்தது.

மிஸ் போய்விட்டார். பிள்ளைகளின் வாயில் ஆங் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தலைமையாசிரியைக்கு இந்த நடை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த இழுப்பை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார். வராது. இங்கே ஜன்னலோரம் வந்து கேட்டால்தான் உண்டு. சனி, ஞாயிறு இரண்டு நாளையும் அவர் நெட்டித் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு மூன்று வாரமாக அது தேய்ந்துகொண்டே வந்தது. இன்று முதல் பக்கம் முடிந்தது. ஆங் வரவில்லை.

இரண்டாம் பக்கம் முடிந்தது. மூன்றாம் பக்கமும் முடிந்தது. வாசிப்பு தங்குதடையில்லாமல் ஓடியது.

அவர் ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

அவரைப் பார்த்துவிட்ட புது மிஸ், முகமெல்லாம் பல்லாக வெளியே ஓடிவந்தார். நல்ல பெண், சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பவர். வகுப்புச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார். ஆங் சொல்லாமல் ஒரு பக்கம் படித்தால் ஒரு நட்சத்திரம். அட்டை நிரம்பி வழிந்தது.

"பழைய பதிவேட்டுல நீங்க எழுதியிருந்ததப் பார்த்தேன் மேடம். மூணு வாரமா விடாம உக்காந்து சரி பண்ணிட்டேன். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா..."

சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க வழியில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும்படி புது மிஸ்ஸை அனுப்பினார்.

பிறகு வகுப்புக்குள் போனார்.

பழைய மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரே ஒரு பக்கம் படியுங்கள் என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயைத் திறந்தால் நட்சத்திரம் போய்விடும். ஹெட்மிஸ் வந்து கேட்டால் அதில் ஏதோ பொறி இருக்கும் என்பது ஒன்றாம் வகுப்புக்கே தெரியும்.

வேறு வழியில்லாமல் அவரே புத்தகத்தை எடுத்தார். பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. வாத்து மழையில் நனைந்துகொண்டே கடைக்குப் போனது. கடை பூட்டியிருந்தது. பக்கத்தைத் திருப்ப விரலை வைத்தார்.

"ஆங்..."

சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. யாரைப் போலவும் நடிக்கவும் இல்லை. அது பாட்டுக்கு வந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்பெஞ்சு வாயாடி எழுந்தே நின்றுவிட்டாள்.

"மேடம்! நீங்க அப்படியே எங்க மிஸ் மாதிரியே சொல்றீங்க!"

சிவப்பு மையில் தேவையற்றது என்று எழுதியது யாருடைய ஒலியை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வாயாடி விடுவதாக இல்லை. ஹெட்மிஸ் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் வந்துதானே ஆக வேண்டும், எங்கள் மிஸ்ஸைக் கூப்பிடுங்களேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஹெட்மிஸ்ஸாலதான் அவ போனா, கண்ணு. அவ அம்மாவா கூப்பிட்டா வருவாளான்னு தெரியலயே."